ஓர் உலக்கை நின்ற பின்னேரம்

பின்னேரம் நாலு மணிக்கு, ஐந்து உலக்கைகளின் சத்தத்தில் ஒன்று குறைந்தது. யுத்தம் தொடங்கியதற்கு அடுத்த வைகாசி அது. எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் வருசத்துக்கு ஒருமுறை திறக்கும் கதவு திறந்து சடங்கு நடந்துகொண்டிருந்தது. கடைசி நாளான குளிர்த்தியன்று பொங்குவதற்கு வேண்டிய நெல்லைக் கன்னிப்பிள்ளைகள் கோயில் முன்றலிலேயே குற்றுவது வழக்கம். கையில் மஞ்சள் நூலைக் காப்பாகக் கட்டிய அந்தப் பிள்ளைகளில் என் மூத்த மகளும் ஒருத்தி. வேலியோரம் நின்று, மாறி மாறி விழும் உலக்கைகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்தத் தாளத்தில் ஒரு பள்ளம். பழைய பந்தல்கால் பிடுங்கிய குழியொன்றில் அவள் பாதம் புகுந்து, கணுக்கால் உட்பக்கமாக மடிந்துவிட்டது. மணலில் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் குற்றுவதை நிறுத்தவில்லை. நிறுத்தக்கூடாதென்று சொல்லி வைத்திருந்தார்கள்.

வீட்டுக்குத் தூக்கி வந்தோம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் பெண்வீட்டில்தான் வந்து குடியிருப்பான். அந்த வீட்டில் என் மனைவியின் தமக்கை, என் பெரிய மச்சாள், சொல்வதே சொல். "சுளுக்கு. உருவிவிட்டாச் சரி" என்று அவள் எண்ணெயைச் சூடாக்கி உட்கார்ந்துவிட்டாள். கணுக்கால் அதற்குள் குரும்பை அளவுக்கு வீங்கியிருந்தது.

"பெரியம்மா, இது என்ட கால். மாப் பிசையிற மாதிரிப் பிசையாதீங்க" என்று மகள் அழுகையோடு சிரித்தாள். வெளி எலும்பில் விரல் பட்டதும் அந்தச் சிரிப்பு அலறலாக மாறியது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றேன். பட்டினம் வாவிக்கு அக்கரையில். தோணியில் ஏறினால் போய்விடலாம்.

"காப்புக் கட்டின புள்ள குளிர்த்தி முடியாம ஊரெல்லை தாண்டுறதா? என்ன கதை மச்சான் இது? கந்தோருக்குப் போற ஆக்களுக்கு முள்ளுக் குத்தினாலும் டொக்டர் வேணும்!"

அந்த வீட்டில் கந்தோர் உத்தியோகம் பார்ப்பவன் நான் ஒருவன்தான். இருந்தவர்கள் சிரித்தார்கள். கட்டாடியாரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்றேன். எங்கள் அம்மனுக்குப் பூசை செய்பவர் அவர். சடங்கு நாட்களில் நோன்பிருந்து கோயிலுக்குள்ளேயே கிடப்பார். நெல் குற்றும்போது பிள்ளை விழுந்தாள் என்று அவர் காதில் போட்டால் சடங்குக்கே குறை என்று மச்சாள் என் வாயை அடைத்தாள். மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கரைக்குப் போய், கட்டிக் கிடந்த தோணிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

காலை ஊன்ற வைத்தால் இரத்தம் ஓடும் என்று மறுநாள் அவளை எழுப்பி நடக்கவிட்டார்கள். இரண்டடி வைக்குமுன் விழுந்தாள். மறுபடி உருவினார்கள், மறுபடி துணியால் இறுக்கிக் கட்டினார்கள். பாதம் கருநீலமானது. குளிர்த்தியன்று காலை அந்தக் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைத் தொட்டேன். வாவித் தண்ணீரைத் தொட்டது போலிருந்தது. பெருவிரலை நசுக்கிப் பிடித்தேன்.

"தெரியுதா மகள்?"

"என்ன தெரியுதா, அப்பா?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இன்று என் மற்றப் பிள்ளைகள் வரம்பில் ஓடினால்கூடக் கூப்பிட்டு நிறுத்திவிடுகிறேன். பிற்பாடு ஆஸ்பத்திரியில் டொக்டர் அந்தக் காலைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "ஆர் இதை உருவினது?" என்றுதான். வெளிக் கணு எலும்பு வெடித்திருந்தது. உருவியதில் அது விலகியும் இருந்தது. இறுக்கிய துணி இரத்தத்தைத் தடுத்து, பாதமே போகப் பார்த்திருந்தது. அன்றே வந்திருந்தால் மட்டை வைத்துக் கட்டி, காலை உயர்த்திப் படுக்க வைத்திருந்தால் போதும் என்றார். கால் தப்பியது. ஆனால் மாரி தொடங்கினால் அது வீங்குகிறது. வயல் வட்டைக்கு வரம்பில் நடந்துபோக அவளால் முடியாது. சுளுக்கு என்ற சொல்லை இப்போது யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. ஊன்ற முடியாத காலை, எலும்பில் தொட்டால் நோகிற காலை யாரும் பிசைய வேண்டாம். தெரிந்தவரிடம் காட்டுங்கள். நாள் பார்க்க வேண்டாம். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிக் களைத்துவிட்டேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு எண்ணெய் காய்ச்சத்தான் போகிறார்கள்.

குளிர்த்தியன்று அந்தக் காலைப்பொழுதில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் படலைக்கு வந்தேன். மச்சாள் குறுக்கே நின்றாள். "அம்மாள்ற கோபம் இந்தக் குடிக்கு வேணுமா மச்சான்?" என்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவள் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. கட்டாடியார். சடங்கு முடியாமல் கோயிலை விட்டு அவர் வெளியே வந்ததை அதற்குமுன் யாரும் கண்டதில்லை. நோன்பில் ஒட்டிய முகம். மகளின் பாதத்தைப் பார்த்தார். துணிக்கட்டை மெதுவாகத் தளர்த்தினார். பிறகு அவளுடைய கையைப் பிடித்து, மஞ்சள் நூலின் முடிச்சைத் தேடினார்.

"ஒரு உலக்கை நிண்டது உள்ளுக்க இருந்த எனக்குக் கேட்டிச்சி. ஆராவது வந்து சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டே இருந்தன்" என்றார். முடிச்சு அவிழ்ந்தது. "காப்பைக் கட்டினது நான்தானே? அவுக்கச் சொல்லி ஒருத்தரும் ஏன் என்னட்டக் கேக்கல்ல?"