காகிதத்தில் இல்லாத மலை

அந்தச் சிக்னலில் வலப்பக்கம் திரும்புகிறவர்களுக்கான அம்பு விளக்கை இடதுபக்கக் கம்பத்தில் வைத்து வரைந்தவன் நான்தான். சாலை வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரரிடம் வரைபடம் போடுவது என் பிழைப்பு. மற்ற நேரங்களில் எதையாவது எழுதுவேன், கிழித்துப்போடுவேன்.

வேங்கிக்காலிலிருந்து ஊருக்குள் வரும்போது, அந்தச் சந்திப்பில் வலப்பக்கம், சாமியாகவே கும்பிடுகிற மலை முழுசாக எழும். அங்கே வேகம் குறைக்கிறவர்கள் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வயசானவர்களில் ஒருத்தர்கூட பாக்கியிருக்க மாட்டார். நானும் போட்டுக்கொள்கிறவன்தான். வரையும்போது மட்டும் ஞாபகம் வரவில்லை. காகிதத்தில் மலை இல்லை.

எழுபத்துநாலு வயதில் அப்பா தினமும் காலையில் மொபெட்டில் அங்கே வலதுபக்கம் திரும்பி, அடி அண்ணாமலையில் இருக்கும் எங்கள் நிலத்துக்குப் போவார். சிக்னல் வந்த மூன்றாம் நாள், மலையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தவருக்குக் கண்ணோரம் ஒரு பச்சை தெரிந்திருக்கிறது. அது நேராகப் போகிறவர்களுக்கானது. வலப்பக்கம் திரும்புகிறவர்களுக்கான அம்பு, இடது கம்பத்தில், சிவப்பாகவே இருந்தது. திரும்பிவிட்டார். எதிரே வந்த லாரி பிரேக் போட்ட சத்தத்தில் வண்டியோடு சாய்ந்தார். இடுப்பெலும்பு.

"யோவ் பெருசு, வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கத்திய லாரிக்காரரேதான் தூக்கி ஆட்டோவில் ஏற்றினாராம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா கேட்டார். "பச்சை வுழுந்துச்சு, போனேன். இன்னாடா தப்பு?"

"அது நேரா போறவங்களுக்குப்பா. உங்களுக்கு அம்பு இடதுபக்கம் தனியா இருந்துச்சு."

"மலை இந்தாண்ட இருக்குது. அந்தாண்ட வெச்சா எவன் பார்ப்பான்? எந்த மடையன்டா வெச்சான்?"

தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டேயிருந்தேன்.

"நான்தாம்பா."

அப்பா கையை நீட்டி, "அந்தத் தண்ணியக் குடு," என்றார்.

மறுபடி வரைந்தேன். அம்பை வலப்பக்கம், மலை தெரிகிற திசையிலேயே, பெரிதாக. திரும்புவதற்குச் சில நொடிகள் ஜாஸ்தி. "வயசானவங்களுக்குனு தனி சிக்னலா சார்? கூடவே ரெண்டு நாற்காலியும் போட்டுடலாமா?" என்று ஆபீசில் சிரித்தார்கள். மாற்றி முடிக்க ஏழு மாதமானது. அதற்குள், அப்பா இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன வாரம் அப்பாவை என் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து நிலத்துக்குக் கூட்டிப்போனேன். சிவப்பில் நின்றோம்.

"இப்ப நல்லா தெரியுதுடா."

கண்ணாடியில் பார்த்தேன். எப்போதும் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர், இரண்டு கையையும் கூப்பியிருந்தார். பிடிக்க ஹேண்டில்பார் இல்லையே. அம்பு பச்சையாகி, பின்னால் ஹார்ன் அடித்தார்கள். என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை.