உரச் சாக்கு மூடிய ஆறு பெயர்கள்

சாலையோர நினைவுக் கற்களைப் படமெடுத்து இந்தத் தளத்தில் போடுவது என் வழக்கம். போன மாதம் ஒரு வாசகர் எழுதியிருந்தார்: பரளச்சிப் பக்கம் ஒரு ஊரில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு நினைவுக்கல் எட்டு மாதமாகச் சாக்கு கட்டி நிற்கிறது, முடிந்தால் வந்து பாருங்கள் என்று. திறந்து வைக்க யாராவது பெரிய மனிதருக்காகக் காத்திருக்கும் கல்லாக இருக்கும் என்று நினைத்தேன். ஆவணி பிறந்துவிட்டதே, வெயில் குறைந்திருக்கும் என்றும் நினைத்தேன். இரண்டுமே தப்பு.

மாட்டுத்தாவணியில் காலை 6.20க்குப் பஸ். அருப்புக்கோட்டைக்கு ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் 45 ரூபாய். பேருந்து நிலையத்துக்கு வெளியே நாலு இட்லி, ஒரு வடை, 50 ரூபாய். சட்னியில் காரம் அதிகம், வயிறு சரியில்லாதவர்கள் சாம்பாரோடு நிறுத்திக்கொள்ளவும். அங்கிருந்து மாலை வரைக்கும் ஓர் ஆட்டோ பேசினேன், 1,100 ரூபாய். ஓட்டுநர் சேகருக்கு அந்த ஊருக்குப் பக்கத்து ஊர். சாக்குக் கல் என்றதும் சிரித்துவிட்டார்.

"அதைப் பாக்கவா மருதையில இருந்து வாரீக? சாக்கைத்தான் பாக்கணும். அவுக்க விட மாட்டாக."

கதையை அவர்தான் சொன்னார். சில வருடங்களுக்கு முன் மிளகாய்ப் பழம் எடுக்கப் போன லோடு வண்டி கவிழ்ந்து அந்த ஊர்க்காரர்கள் ஆறு பேர் இறந்துபோனார்கள். ஐந்து பேர் இந்துக்கள், ஒருவர் கிறிஸ்தவப் பெண். ஊரே கூடிப் பேசி, பொது இடத்தில் கல் வைப்பது, வேலும் வேண்டாம் சிலுவையும் வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று முடிவெடுத்தது. ஆனால் கல் வந்து இறங்கியபோது பெயர்களுக்கு மேலே ஒரு பிள்ளையார் சுழி இருந்தது. அந்தக் கிறிஸ்தவப் பெண்ணின் கணவர் அந்தோணி, கையில் கிடைத்த உரச் சாக்கைக் கல்லின் தலையோடு மாட்டிக் கட்டிவிட்டார். (திருச்சுழித் தாலுகாவுக்குப் போய்ச் சுழியைப் பற்றி எழுதுகிறேன் என்று சிரிக்க வேண்டாம். தற்செயல்தான்.)

கல் வெட்டிய பட்டறை பந்தல்குடியில் என்று சேகர் சொன்னதால் முதலில் அங்கே போனோம். தூத்துக்குடி சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர். லாரிகள் முறை வைத்துப் புழுதி வாரிக் கொட்டும் இடத்தில் பட்டறை. கல்லை வெட்டிய ஆறுமுகத்துக்கு ஐம்பது வயது இருக்கும். கோபப்படுவார் என்று பயந்தேன். யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தவர் போல, பழைய காகிதக் கட்டு ஒன்றைப் பிரித்து ஊரிலிருந்து வந்த தாளை எடுத்துக் காட்டினார். கோடு போட்ட தாள், அழகான கையெழுத்து, ஆறு பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நடுவில், சின்னதாக ஒரு சிலுவை.

"எழுதுனது அந்தோணிதான். ஊருல அவுக எழுத்துதான் நல்லாருக்கும். இந்தச் சிலுவைய வெட்டுனா ஊரு சண்டைக்கு வரும். ஒண்ணும் வெட்டாம விட்டா எழுதிக் குடுத்தவுக வருவாக. எதுக்கு வம்புன்னு பொதுவா சுழியப் போட்டுட்டேன்."

"சுழி எப்படிண்ணே பொது?"

"எல்லாரும் போடுறதுதானே சார்?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. கேட்டு எழுதி வைத்துக்கொள்ள என் நோட்டைத் திறந்தேன். அன்றைய பக்கத்தின் உச்சியில் பஸ் டிக்கெட் விலைக்கு மேலே நானும் ஒரு சுழி போட்டு வைத்திருந்தேன். எனக்குச் சாமி நம்பிக்கை போய் இருபது வருடமாகிறது. கை மட்டும் இன்னும் விடவில்லை போலிருக்கிறது. நோட்டை மூடிவிட்டு, அந்தத் தாளைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டேன்.

அங்கிருந்து ஊருக்கு ஒரு மணி நேரம். இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், மழைக்குக் காத்துக் கிடக்கிறது. இடையிடையே சீமைக் கருவேலம். ஊர்ப் பெயரை எழுதவில்லை, மன்னிக்கவும். 11.40க்கு பஸ் நிறுத்தத்தில் இறங்கினோம். எதிரே டீக்கடை, டீ 12 ரூபாய். அந்தோணி அங்கேயே உட்கார்ந்திருந்தார். என் வேலையைச் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"அது சாமியே இல்ல, எழுத்துக்கு முன்னால போடுறதுங்குறாக. சரி, சாமி இல்லேன்னா அழிச்சிருங்கன்னேன். ஒருத்தரும் உளி எடுக்க மாட்டேங்குறாக. சாமி இல்லாததுக்கு ஏன் சார் பயப்படணும்?"

"நீங்களே அழித்திருக்கலாமே?"

"நான் கை வச்சா ஊரு ரெண்டாயிரும். அதுக்கா கல்லு வச்சோம்?"

காட்டலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு செல்போனை நீட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, சிலுவையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் சுருங்கிவிட்டது. எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"நான் போட்டது ஞாபகமே இல்ல. கை தானா போட்டிருக்கு." செல்போனைத் திருப்பித் தந்தார். "ஆனா தாளு வேற, கல்லு வேற சார். தாளைக் கிழிச்சுப் போட்டுரலாம்."

அவர் சொன்னது சரி என்றுதான் எனக்குப் பட்டது, இப்போதும் அப்படித்தான். பொது இடத்துக் கல்லுக்குப் பெயர் போதும்.

டீக்கடை நிழலில் பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒரு அம்மா இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள், இறந்தவர்களில் ஒருத்தியான முத்துமாரியின் தாய் என்று சேகர் காதோடு சொன்னார். அந்த அம்மா சாலையைக் கடந்து நேராகக் கல்லுக்குப் போனார்.

"நீங்க ஆம்பளைக பேசிக்கிட்டே இருங்க. எம்மக பேரைப் பாத்து எட்டு மாசமாச்சு."

சாக்குக் கயிற்றை அவரே அவிழ்த்தார். கறுப்புக் கல். வெட்டிய எழுத்துக்குள் வெள்ளைப் பெயிண்ட். சுழியும் அப்படியே, உள்ளங்கை அளவுக்கு. அதன் முன்னால் நின்று கைகளைக் குறுக்காக மாற்றி நெற்றிப்பொட்டில் மூன்று தடவை குட்டிக்கொண்டார். பிறகு வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, சுழிக்குள் இருந்த பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தார்.

அந்தோணி எழுந்து நின்றார், கிட்டப் போகவில்லை. பஸ் வந்தது, அந்த அம்மா ஏறவில்லை. இருபது நிமிடம் ஆயிற்று. பெயிண்ட் போனதும் கறுப்பில் கறுப்பாகச் சுழி மங்கிவிட்டது. உற்றுப் பார்த்தால் பள்ளம் தெரியும். நாளைக்கே யாராவது வந்து மறுபடி பெயிண்ட் அடிக்கலாம், அடிக்காமலும் இருக்கலாம். என்னால் சொல்ல முடியாது.

போக நினைப்பவர்களுக்கு: அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சிக்கு டவுன் பஸ் உண்டு, ஆனால் மதியம் இரண்டு மணி நேரம் ஒன்றும் வராது. தண்ணீர் இரண்டு லிட்டராவது கொண்டுபோங்கள், தொப்பி அவசியம். வழியில் இப்படி எந்தக் கல்லைப் பார்த்தாலும் அந்த ஊர்க்காரர்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். எனக்கு மொத்தச் செலவு 1,290 ரூபாய். இந்தப் பதிவில் அந்தக் கல்லின் படம் இல்லை. கல்லை நான் எடுத்தது ஒரே ஒரு படம், அதுவும் இன்னொருவருக்காக.

பேச்சியம்மாள் முந்தானையால் கல்லைத் துடைத்து, மகளின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்புறம் திரும்பிக் கூப்பிட்டார். "அண்ணே, மதினி பேரு எம்மவளுக்கு மேலதான் இருக்கு. வந்து பாருங்க."

அந்தோணி செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். ஸ்டெல்லா என்ற பெயரின் மேல் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "அவ பேரு தெரியிற மாதிரி ஒரு படம் எடுத்து என் போனுக்கு அனுப்புங்க சார்" என்றார். "நாளைக்கே மறுபடி சாக்கு கட்டுற மாதிரி ஆயிட்டாலும் ஆயிரும்."