கடைசி ரீலுக்கு முன்னால்

போன வாரம் மகளின் செல்போனில் ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்கள் கணவன் மனைவி போல ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறார்கள். கேஸை யார் அணைக்காமல் விட்டது என்று சண்டையும் போடுகிறார்கள். கூச்சத்தோடு பின்னால் நின்று முழுவதும் பார்த்தேன். என் வாலிப வயதில் டெக் வாடகைக்கு எடுத்துப் போட்ட ஒரு படத்தில், இப்படிப் பழகிய இருவரில் ஒருத்தி விஷம் குடித்துச் செத்துப்போனாள். அதற்கும் முன்னால், நான் நாலாவது படித்தபோது, உத்திரமேரூர் டூரிங் கொட்டாயில் இதைச் சிரிப்பாகக் காட்டினார்கள்.

அது ராஜா ராணிப் படம். ஆண் வேடம் போட்ட இளவரசி மேல் இன்னொரு இளவரசி ஆசை வைப்பாள். இடுப்புயர மண்சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் விசிலடிப்பார்கள். பெண்கள் பக்கத்தில் என் அத்தையும், அடுத்த தெருவில் இருந்த அவள் சிநேகிதியும் மட்டும் சிரிக்காமல் கைகோத்து உட்கார்ந்திருப்பார்கள். துணைக்கு நான். மூன்று ஞாயிறு பகலாட்டம், அதே படம். இளவரசிகள் ஊஞ்சலாடும் பாட்டு முடிந்ததும் அத்தை எழுந்துவிடுவாள்.

"எந்திரிடா, கும்பலு வந்துடும்."

கதையே அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஒருநாள் சாப்பிடும்போது அப்பா படக்கதையைக் கேட்டார்.

"கடைசில அவங்க ரெண்டு பேரும் ஒண்ணாவே கீறாங்க, நைனா."

"போடா மண்டு. வேஷம் கலைஞ்சி, ஆளுக்கொரு ராஜாவ கட்டிக்கினு பூடுவாங்க. நானுந்தான் பாத்தேன்."

"இல்ல, நான் மூணு வாட்டி பாத்தேன். வேணும்னா அத்தைய கேளு."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. தன் தங்கையைப் பார்த்தார்.

"மூணு வாட்டியும் பாதியில எய்ந்து வந்தியா? அவளும் கூடவா?"

அத்தை தலை நிமிராமல் குழம்பைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

அதோடு அவளுக்குப் படம் நின்றது. சிநேகிதி எங்கள் தெருவுக்கு வருவதும் நின்றது. மாப்பிள்ளை பார்க்கத் தாமல் கிராமத்துக்கு ஆள் போனது. அடுத்த ஞாயிறு அப்பா என்னை ஆண்கள் பக்கம் உட்காரவைத்துக் கடைசிவரை படம் காட்டினார். அவர் சொன்னதுதான் சரி. வீட்டுக்கு ஓடிவந்து அத்தையை மடக்கினேன்.

"உனக்கு முடிவே தெர்ல அத்தை. ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிடுது!"

"தெரியும்டா கண்ணு," என்றாள்.

தெரிந்துகொண்டே என்னை மூன்று முறை பாதியில் எழுப்பி வந்திருக்கிறாள்! அந்தக் கோபம் எனக்குத் தை மாதம் வரை ஆறவில்லை. தாலி கட்டி அவளை வண்டியேற்றியபோது, நான் வெளியே வந்து பார்க்கக்கூட இல்லை.