சுவா வரைக்கும் பின்னாலேயே

ரக்கிரக்கியில் உள்ள பினாங்கு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடும் பல்ராம், ஐம்பத்திரண்டு வயதில் சைக்கிள் பயணம் போவதாகச் சொன்னபோது மனைவி கம்லா நம்பவில்லை. சிறுநீரக நோயில் இறந்த கைருன்னிசா டீச்சர் நினைவாக, நோயாளிகளுக்கு நிதி திரட்ட, ரக்கிரக்கியிலிருந்து தீவின் தலைநகர் சுவாவுக்கு மூன்று நாள் பயணம் அது. இரண்டாயிரத்தில் ஆட்சியைக் கவிழ்த்த கலகத்துக்குப் பிறகு, சுவாவுக்குப் போன இந்திய வம்சாவளியினர் பலரும் நாட்டை விட்டுப் போக விசா வாங்கத்தான் போனார்கள்.

“சைக்கிள் ஓட்ட இஸ்திரி போட்ட சட்டை எதுக்கு?”

“கடைசி நாள் டீச்சரப் பத்திப் பேசணும்.”

கம்லாவும் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிச் சேர்ந்துகொண்டாள். மேட்டில் மூச்சு வாங்கியபோதும் அவரைக் கண்ணிலிருந்து தவறவிடவில்லை. அவர் யாரோடாவது ஒதுங்கிப் பேசினால் தானும் போய் நின்றாள்.

சுவாவில் பல்ராம் உண்மையாகவே பேசினார். தன் முப்பதாவது வயதில் டீச்சர் தனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். சந்தேகப்பட்டதை நினைத்துக் கம்லாவுக்கு வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் ஊருக்குப் பஸ் ஏறும்போது அவர் நகரவில்லை.

“நீ முன்னால போ. நியூசிலாந்து விசா ஆபீஸ்ல வேல இருக்கு.”

“ரெண்டு பேருக்குமா கேக்கப்போறீங்க?”

“ரெண்டு பேருக்கும்தான். நீ வரமாட்டேன்னு சொல்லிடுவியோன்னுதான் மறைச்சேன்.”

“வரமாட்டேன்தான்.”

அடுத்த வருடம் பல்ராம் தனியாக ஆக்லாந்து போனார். கம்லா கரும்பைப் பார்த்துக்கொண்டாள். ஞாயிறுதோறும் அவர் போன் செய்வார். சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்பே அவள் கேட்பாள்:

“அங்க யாரு பேச்சுச் சத்தம் கேக்குது?”