மாப்பிள்ளை இரண்டாகத் தெரிந்த சாயங்காலம்

அறுபதுகளில் செஞ்சி கடைவீதிக்குப் புதிதாக வந்த பல் டாக்டர், என் மேல் கடைவாய்ப்பல்லுக்கு ஊசி போட்டு முடித்ததும் இரண்டு டாக்டர்களாக நின்றார். பல்லைப் பிடுங்கியது அவர்களில் யார் என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

"பயப்படாதம்மா. மருந்து கண்ணைத் திருப்புற நரம்பு வரைக்கும் போயிடுச்சு. எப்பவோ ஒருத்தருக்குத்தான் இப்படி ஆகும். மருந்து எறங்குனா தானா சரியாயிடும்," என்றார்.

நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரவேண்டிய தொண்டூர்க்காரர்கள் அன்றைக்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அரண்டுபோனாள். என் இடது கண் மூக்கோரமாக ஒதுங்கியிருந்தது.

"இன்னாடி இது, மாறுகண்ணாட்டம் இருக்குது! குனிஞ்ச தலை நிமிராம காபியைக் குடுத்துட்டு வந்துடு."

குனிந்துதான் போனேன். மாப்பிள்ளைக்கு நாலு கைகள். நான் டம்ளரை நீட்டியது இல்லாத கையில். காபி முழுக்க அவர் வேட்டியில்.

பதறி நிமிர்ந்தேன். அவருடைய அம்மா என் கண்ணைப் பார்த்துவிட்டார். இனி யார் என்னைக் கட்டுவார்கள் என்று அழுகை முட்டியது. மரத்த வாயால் ஊசிக் கதையைக் குழறிக் கொட்டினேன்.

"சரியாவுதான்னு இருந்து பாத்துட்டே போலாம்," என்றார் அந்த அம்மா.

அங்கேதான் சிக்கல். நாங்கள் இரு வீட்டாரும் சமணர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. சம்மதம் சொல்லாமல் பெண் வீட்டில் கை நனைப்பதும் கிடையாது. நைனா வாசலுக்குப் போய் வெயிலைப் பார்ப்பார். உள்ளே வந்து என் கண்ணைப் பார்ப்பார். பாழாய்ப்போன கண் அசைந்துகொடுக்கவில்லை. சமையலறையிலிருந்து சாம்பார் வாசனை வேறு.

கோட்டை மலைப் பக்கம் வெயில் இறங்கும்போது மாப்பிள்ளை எழுந்தார். கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன்.

"எனக்குப் பசிக்குது. எலை போடுங்க," என்றார்.

"கண்ணு இன்னும் சரியாவலியேடா!" என்றார் அவர் அம்மா.

"அது மெதுவா ஆவட்டும். பொழுது நிக்காது."

நைனா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். பரிமாறப் போனேன். இலையும் இரண்டாகவே தெரிந்தது. எதில் ஊற்றுவது என்று சாம்பார் கரண்டியோடு தயங்கி நின்றேன். அவர் ஓசைப்படாமல் தன் இலையைக் கரண்டிக்கு நேரே நகர்த்திக்கொண்டார்.