ஜுவேரியா சுற்றிய சுற்று

தி.நகரில் எங்கள் கடை வளாகத்தில் பெண்களுக்கென்று ஒரு கழிவறை உண்டு. அதைப் பூட்டி, உள்ளே தன் நைட்டி மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார் வியாபாரிகள் சங்கச் செயலாளர் இசக்கிமுத்து. நாங்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வியாபாரம் பார்ப்போம். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்துக் கடையில் வளையல் விற்கும் ஜுவேரியா இந்த வருஷம் சங்கத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றாள். ஜெயித்தால் முதல் வேலை அந்தப் பூட்டை உடைப்பதுதான் என்றாள்.

"அந்தப் பொண்ணுக்கு ஆம்பிஷன் ஓவராப் போச்சு" என்று டீக்கடையில் இசக்கிமுத்து சொன்னது எங்கள் காதுக்கு வந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. அவளோ அந்த வார்த்தையைப் போனில் தேடிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"தேவானக்கா, லட்சியம், பதவி ஆசைன்னு போட்டுக்கீது. ஆனா அந்தக் காலத்துல ரோம்ல பதவிக்கு நிக்கிறவங்க ஒவ்வொருத்தர்கிட்டயா சுத்திப் போய் ஓட்டு கேப்பாங்களாம். அப்படிச் சுத்துறதுக்கு லத்தீன்ல வச்ச பேருதான் இங்கிலீஷுக்கு வந்துச்சாம். அவரு சரியாத்தான் சொல்லிக்கீறாரு. வாங்க, சுத்துவோம்."

சுற்றினோம். முகத்தைத் திருப்பிக்கொண்ட கடைகளுக்கு மறுபடியும் போனோம். எனக்குக் கால் வீங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை கடை திறக்கும் முன் ஓட்டு. சீட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்ததும் ஜுவேரியா என் கையைப் பிடித்தாள். அவளுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று மாறி மாறி வந்து, இருவரும் சமமாக நின்றார்கள். மிச்சம் ஒரே சீட்டு. பிரித்தார்கள். வெறும் தாள். சமமானால் பழையவரே தொடர்வார் என்பது சங்கத்து விதி. இசக்கிமுத்துவுக்கு மாலை விழுந்தது.

"எந்தப் பாவி வெத்துச் சீட்டு போட்டது?" என்று கேட்டேன்.

ஜுவேரியாவின் புருஷன் காஷிஃப், எதிர் வரிசையில் பெல்ட் விற்பவன், தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான்கா" என்றான். பிறகு அவளைப் பார்த்து, "எல்லார் கடைக்கும் போனே. என் கடைக்கு வந்து ஒரு வார்த்தை கேக்கலியே" என்றான்.

"வூட்டுக்காரர்தானேன்னு வுட்டுட்டேன்" என்றாள். அவள் அழவில்லை. ஆத்திரத்தில் நான்தான் அழுதேன்.

மறுநாள் காலை தன் கடையைத் திறக்காமல் நேரே அவன் கடை முன்னால் போய் நின்றாள். "அடுத்த வருஷமும் நிக்கிறேன். உங்க ஓட்டு எனக்கு வேணும்" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். "போடுறேன்" என்றான் காஷிஃப்.

கூடப் போயிருந்த எனக்கு அவன் ஒரு டீ வாங்கி நீட்டினான். வேண்டாம் என்றேன். அடுத்த தேர்தல் வரைக்கும் அந்தப் பூட்டு கழிவறைக் கதவில்தான் தொங்கும்.