இரண்டாம் வகுப்பில் ஒரு பேன்

“எனக்கும்தான் பேன் இருக்கு. அப்போ நானும் கடைசி பெஞ்சுல போயி இருக்கட்டாம்மா?”

என் மகள் யாழினி கேட்ட கேள்வி இது. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. முதலில் தோசையைச் சாப்பிடு என்றேன். அது பதிலா?

விஷயம் இதுதான். வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. வெள்ளைத் தாளில் ஒரு பேன். நன்றாகப் பெரிதாக்கி, பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி வேறு — பேன் எது, தாள் எது என்று நாங்கள் குழம்பிவிடக் கூடாதாம். கீழே ஒரு வரி: ‘என் மகள் தலையில் இருந்தது. எங்கள் வீட்டில் இதெல்லாம் கிடையாது.’

வீட்டில் கிடையாது. தலையில் மட்டும் இருந்தது. சரி.

உடனே விசாரணை. யாரிடமிருந்து வந்திருக்கும்? பேங்க்கில் வேலை பார்ப்பவர், என்ஜினியர், மருந்துக்கடை வைத்திருப்பவர்... எல்லாரும் கூடித் துப்புத் துலக்கினார்கள். சாயங்காலத்துக்குள் குற்றவாளி அகப்பட்டாயிற்று. ‘வேன்ல வர்ற பிள்ளை’. பெயர் சொல்லவில்லை, அத்தனை நாகரிகம். கடற்கரை ஊரான இனயத்திலிருந்து வேனில் வருவது ஜெனிஷா ஒருத்திதான். ஆதாரம்? கடப்புறத்துப் பிள்ளை. வேறென்ன ஆதாரம் வேண்டும்? குழித்துறையில் மாடிவீடு கட்டியவர்களுக்குக் கடற்கரையிலிருந்து மீன் வரலாம். பிள்ளை வரக் கூடாது.

ஜெனிஷாவின் அம்மாவும் அதே குழுவில்தான் இருக்கிறார். எல்லாவற்றையும் படித்திருப்பார்.

மறுநாள் முதல் ஜெனிஷா கடைசி பெஞ்சில் தனியாக. அதுவரை அவள் உட்கார்ந்திருந்தது யாழினியின் பக்கத்தில்.

பேனுக்கு இறக்கை கிடையாது. துள்ளவும் தெரியாது. ஒரு முடியை விட்டு இன்னொரு முடியைப் பிடித்து நடக்கத்தான் தெரியும். தலை தலையோடு முட்டினால் போதும், ஏறிவிடும். எந்த ஊர்த் தலை என்று அது விசாரிப்பதில்லை. அந்த அளவுக்கு அது படிக்கவில்லை.

யாழினிக்குப் பேன் வந்த வழி எனக்குத் தெரியும். ஓண லீவுக்கு பூதப்பாண்டியில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அக்கா பிள்ளைகளும் இவளும் ஒரே பாயில் உருண்டார்கள். வீடு திரும்பிய அன்றே சீப்பில் வந்தது. வாரி எடுத்தேன், போய்விட்டது என்று நம்பினேன். ஈர் மிச்சம் இருந்திருக்கிறது, இப்போது மறுபடி சீப்பில் பேன். அப்படியானால், ஜெனிஷாவுக்குப் பேன் இருந்தாலும் அதை யார் கொடுத்தது?

குழுவில் இதைச் சொல்வதா, வேண்டாமா? டைப் செய்தேன். அழித்தேன். கணவரிடம் கேட்டேன். “ஏட்டி, உனக்கு வேற சோலி இல்லியா? நம்ம பிள்ளைக்கு பேன் இருக்குன்னு கொட்டடிச்சுச் சொல்லணுமா?” என்றார். நியாயமாகவும் பட்டது, அநியாயமாகவும் பட்டது. கடைசியில், என் மகளுக்கும் பேன் இருக்கிறது என்று போட்டுவிட்டேன்.

பதில் வந்தது: ‘அச்சோ, பாவம் யாழினி. பக்கத்துல இருந்ததுனால ஒட்டிட்டு. நான் அப்பவே சொன்னேன் பாத்தீங்களா?’

அந்தப் பிள்ளைக்காக நான் சொன்ன சாட்சியை அவளுக்கு எதிராகவே எழுதிக்கொண்டார்கள். மறுபடி எழுதினேன் — இது பூதப்பாண்டிப் பேன், பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே வந்தது என்று. பிறகு யாரோ ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் போட்டார்கள்.

ஆனால் தனியாக மெசேஜ்கள் வந்தன. ஒருவர் பின் ஒருவராக. ‘எங்க வீட்லயும் இருக்கு சிஸ்டர். குரூப்ல சொல்லிராதீங்க.’ மருந்துக்கடைக்காரர் உட்பட.

அடுத்த திங்கட்கிழமை ஜெனிஷா வேனிலிருந்து இறங்கினாள். இடுப்புவரை தொங்கிய சடை இல்லை. ஆண் பிள்ளைபோல் ஒட்ட வெட்டியிருந்தது. கூடவே வந்திருந்த அவள் அம்மா பள்ளிக்கூட கேட் அருகே என்னைப் பார்த்ததும் நின்றார்.

“முடியையும் வெட்டியாச்சு அக்கா. இனியும் என் பிள்ளைய தனியாட்டுதான் இருத்துவாவளா?”

இருத்தினார்கள். மற்ற பேரன்ட்ஸ் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். பேன் பிடித்துக்கொள்ள முடியே இல்லாத தலை... அதற்கும் கடைசி பெஞ்ச். அப்படியானால் ஒதுக்கியது பேனையா?

யாழினி என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. காலாண்டுப் பரீட்சைக்கு முந்தைய நாள், பையைத் தூக்கிக்கொண்டு தானாகவே கடைசி பெஞ்சில் போய் ஜெனிஷாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் எனக்குப் போன் செய்தார். “நீங்க சொன்னா கேப்பா மேம். பரீட்சை லீவு முடிஞ்சு வரும்போ பழைய இடத்துல இருக்கச் சொல்லுங்க. மத்த பேரன்ட்ஸ் எங்கிட்டதான் சண்டைக்கு வருவாங்க.”

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. படித்த பெண்ணுக்கு ‘பாக்கறேன்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைச் சொல்லி வைத்தேன்.

அங்கேயே இரு மக்கா என்று சொல்ல ஆசை. ஆனால் இவளையும் சேர்த்து ஒதுக்கிவிட்டால்? முன்னால் வந்துவிடு என்று சொன்னால், ஏன் என்று கேட்பாளே — அதற்கு என்ன சொல்ல?

லீவு முடிய இன்னும் நாள் இருக்கிறது. நீங்களாக இருந்தால் பிள்ளையிடம் என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள். பேனுக்கு மருந்து மட்டும் எழுதிவிடாதீர்கள், பேன் எப்படியும் தீர்ந்துவிடும்.